போயிட்டு வாங்க

கிருபாசங்கரின் வாயிலிருந்து ‘போயிட்டு வாங்க’ வாங்காமல் அந்த மில்லின் கேட்டை ஒரு லாரியும் தாண்டியதில்லை. கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற நூற்பாலை அது. செக்யூரிட்டிகளுக்கு ஊரில் பஞ்சமா என்ன? விசில் ஊதுவார்கள், தடியைத் தட்டுவார்கள், ‘யாருய்யா அது?’ என்று அதட்டுவார்கள். கிருபாசங்கர் எழுந்து நிற்பார். வலது கையை நெஞ்சில் வைத்து, “போயிட்டு வாங்க” என்பார். அவ்வளவுதான் அவருடைய அதிகாரம்.

தூத்துக்குடிக்கு நூல் ஏற்றிப் போகிற டிரைவர்கள், அவர் டீ குடிக்கப் போயிருந்தால் ஹாரன் அடித்து வரவழைத்து, அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டுதான் கிளம்புவார்கள். ஷிஃப்ட் முடிந்து போகிற பெண்களுக்கும் அதே சொல், அதே கை. முதலாளி பத்மாவதி அம்மாளின் காரும் தினமும் சாயங்காலம் கேட்டருகே ஒரு நொடி நிற்கும். கண்ணாடி இறங்காது. சொல் விழுந்ததும் நகர்ந்துவிடும்.

எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு வெறும் ‘போ’ என்ற சொல் நாக்கில் ஒட்டாது. வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டால் பெற்றவள் வாயைப் பொத்துவாள். ‘வாரேன்’ என்றுதான் போக வேண்டும். வழியனுப்புகிறவரும் திரும்பி வரச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். கிருபாசங்கருக்கோ இது வழக்கம் என்பதையும் தாண்டி ஒரு வைராக்கியம். விசைத்தறியில் நின்று நின்று முழங்கால் தேய்ந்துபோனபோது, இந்த மில்தான் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தது. அந்த நாற்காலிக்கு அவரால் கொடுக்க முடிந்தது இந்த ஒரு சொல்தான்.

அந்த நாற்காலிக்குத்தான் இந்த வருஷம் ஆபத்து வந்தது.

“கிருபாண்ணா, உக்காருங்க” என்றான் வம்சி. பத்மாவதி அம்மாளின் மகன். இப்போது நிர்வாகம் அவன் கையில். நல்லவன்தான், முகத்துக்கு நேரே கெட்ட சேதி சொல்லத் தெரியாதவன். பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே பேசினான். “இனிமே பாதுகாப்பு அலுவலர் பயிற்சி முடிச்சவங்கதான் கேட்டுல இருக்கோணுமுன்னு இன்சூரன்ஸ்ல சொல்லிப்போட்டாங்க. கோயமுத்தூர்ல கிளாஸ் நடத்தறாங்க. நீங்க பாஸ் பண்ணீட்டா நீங்களே நம்ம சேஃப்டி ஆபீசர். இல்லீன்னா தீபாவளியோட கேட்டை ஏஜென்சிக்குக் குடுத்துர்றதத் தவிர எனக்கு வேற வழியில்லீங்ணா.”

“சரிங்க, போயிட்டு வாரேனுங்க” என்றார் கிருபாசங்கர். வேறென்ன சொல்வார்? ஐம்பது தாண்டிய, முழங்கால் மடங்காத மனிதரை எந்த ஏஜென்சியும் எடுக்காது என்பது அவனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வகுப்பு பீளமேட்டில் ஒரு மாடிக் கூடத்தில் நடந்தது. பாடம் எடுத்தவள் மிஸ்பா. கோட்டைமேட்டுப் பெண். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். பார்த்தால் சாதுவாக இருப்பாள், வாயைத் திறந்தால் உக்கடம் பஸ் ஸ்டாண்டு கண்டக்டர்கள் தோற்றுப்போவார்கள். பொள்ளாச்சி, சென்னிமலை, அவிநாசி என்று பல பக்கத்திலிருந்தும் காவலர்கள் வந்திருந்தார்கள். எந்தத் தீக்கு எந்தச் சிலிண்டர், மயங்கியவரை எப்படிக் கிடத்துவது, அவசர வழியை ஏன் பூட்டக் கூடாது, ஆட்களை வெளியே எங்கே கூட்டி நிறுத்தித் தலை எண்ணுவது என்று எல்லாவற்றையும் கிருபாசங்கர் பிடித்துக்கொண்டார். மூச்சு நின்றவருக்கு நெஞ்சை அமுக்கும் பயிற்சியில் மட்டும், ரப்பர் பொம்மையைப் பார்த்து “சித்த பொறுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு அமுக்கினார். கூடமே சிரித்தது. மிஸ்பாவும் சிரித்தாள். அப்போதே அவளுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

அடுத்து வந்தது குரல் பயிற்சி.

“மூணே சொல்லுதான். நில்லு. வெலகு. வெளிய போ” என்றாள் மிஸ்பா. “பேரு வேண்டாம், மொறை வேண்டாம், மரியாதை வேண்டவே வேண்டாம். நீங்க ‘ங்க’ போட்டு முடிக்கறதுக்குள்ள பொகை கூரையத் தொட்டுரும். தீக்கு மரியாதை தெரியாதுங்ணா.”

“மேடம், நீங்களே ‘ங்ணா’ போடறீங்களே” என்றது பின்வரிசை.

“தீப்புடிச்சாப் போட மாட்டேனுங்ணா” என்றாள் அவள்.

ஒவ்வொருவராக எழுந்து கத்தினார்கள். சென்னிமலைக்காரர் போட்ட ‘நில்லு’வில் கீழே தெருவில் ஸ்கூட்டர் ஒன்று நின்றேவிட்டது. கிருபாசங்கரின் முறை வந்தது. எழுந்தார், தொண்டையைச் செருமினார். “கொஞ்சம் வெளிய...” என்றார். அதற்கு மேல் நாக்கு புரளவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மா இல்லை.

கடைசி நாள் செய்முறைத் தேர்வு. விசில் ஊதினால் தீ என்று அர்த்தம். ஒருவர் அலுவலர், மற்றவர்கள் தொழிலாளர்கள். கிருபாசங்கருக்கு விசில் ஊதப்பட்டது. அவர் வாசற்படி ஓரம் விலகி நின்று, கையை நெஞ்சில் வைத்து, கல்யாண வீட்டில் பந்திக்கு அழைக்கிறவரைப் போலச் சொன்னார்:

“ஏனுங்க, தீப்புடிச்சுப்போச்சுங்க. எல்லாரும் வெளிய போயிட்டு வாங்க.”

எல்லோரும் நம் பக்கத்து ஆட்கள்தானே. வாசலில் இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். “நீங்க போங்ணா” என்றார் ஒருவர். “அட, நீங்க மொதல்ல போங்க” என்றார் மற்றவர். பின்னால் வரிசை நின்றது. ஒருவழியாக வெளியே போனவர்களில் பாதிப்பேர் வராந்தாவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

“நீங்கெல்லாம் எதுக்கு உள்ள வந்தீங்க?” என்று கேட்டாள் மிஸ்பா.

“அவருதானுங்க போயிட்டு வரச் சொன்னாரு” என்றார் பொள்ளாச்சிக்காரர்.

கூடம் குலுங்கிச் சிரித்தது. கிருபாசங்கரும் சேர்ந்துதான் சிரித்தார். மிஸ்பா சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

“திரும்பி வந்து உக்காந்தவங்க அத்தனை பேரும் செத்துட்டாங்கண்ணா” என்றாள். “நீங்க மரியாதையாச் சொன்னதால செத்துட்டாங்க.”

அந்தக் கேட்டைக் கடந்து எத்தனையோ பேரைக் கிருபாசங்கர் திரும்பி வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தச் சொல் ஆளைக் கொல்லும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. அவள் அவருக்குத் தேர்ச்சி தரவில்லை.

எல்லோரும் போன பிறகு மிஸ்பாவே அவர் அருகில் வந்தாள். “தீபாவளிக்கு முந்தி உங்களுக்கு மறுபடி ஒரு டெஸ்ட் வெக்கறேன். ‘வாங்க’வ விட்டுருங்கன்னு நான் சொல்லலீங்ணா. எல்லாரும் வெளிய வந்தாச்சு, தீ அணைஞ்சாச்சு, தலைக்கணக்கு சரியா இருக்குன்னா அப்பச் சொல்லுங்க. அதுவரைக்கும் அதைப் பத்திரமா உள்ள வெச்சுக்குங்க.”

வீட்டில் புவனா விடவில்லை. அவருடைய மனைவி, அதே மில்லில் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் வேலை. அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“என்னையச் சொல்லிப் பாருங்க. நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்.”

“போ” என்றார்.

“ம். சத்தமா.”

“போ... போயி ஒரு வாய் காப்பி கொண்டாம்மா.”

அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். தெருநாயிடம் முயன்று பார்த்தார். “அக்கட்ட போ கண்ணு, போ சாமி” என்றார். அது வாலை ஆட்டிக்கொண்டு இன்னும் கிட்டே வந்து காலடியில் படுத்துக்கொண்டது. புவனா சிரிப்பை நிறுத்திவிட்டாள். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும் என்பார்கள். இந்த மனிதரோ நாயிடமே குரைக்க முடியாதவர்.

“அந்தக் கேட்டுல உங்களக் காணாம நான் எப்படிங்க உள்ள போயி வேலை செய்வேன்?” என்றாள்.

இதற்கிடையில் ஆயுத பூஜை வந்தது. மில்லில் அன்று இயந்திரங்கள் ஓடாது. வாழைக்கன்று, மாவிலை, ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். தொழிலாளர்கள் குடும்பத்தோடு வருவார்கள். பஞ்சு மூட்டைகளைப் பிரித்து உதறுகிற கூடத்தில்தான் பூஜை. மில்லின் முதல் இயந்திரம் அங்கே இருக்கிறது. கிருபாசங்கர் மத்தியானம் முழுக்கக் கேட்டில் பன்னீர்ச் செம்போடு நின்று, “வாங்க, வாங்க” என்று வாய் வலிக்க வரவேற்றார். அன்றைக்கு அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமான வேலை.

பூஜை நேரத்துக்கு உள்ளே போனவருக்கு ஒரு காட்சி உறுத்தியது. சுவரில் மாட்டியிருக்க வேண்டிய தீயணைப்புச் சிலிண்டர்களைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, சந்தனம் வைத்து, மாலையும் போட்டிருந்தார்கள்.

“ஏனுங்க, அதுக எடத்துலயே இருந்தா நல்லாருக்குமுங்க” என்றார் மேஸ்திரியிடம்.

“அதும் ஆயுதந்தானுங்களே. சாமி முன்னால கெடக்கட்டும் விடுங்க” என்றார் மேஸ்திரி.

சரிதானே என்று பட்டது. விட்டுவிட்டார். அவர் கண்ணில் படாதது இன்னொன்று இருந்தது. முந்தின நாள் கூட்டிக் குவித்த பஞ்சுத் தூசு இயந்திரத்துக்குப் பின்னால் அப்படியே கிடந்தது. அள்ளுவதற்குள் துடைப்பத்துக்கும் சந்தனம் வைத்துச் சாமியிடம் சாய்த்துவிட்டார்கள். பூஜையில் வைத்த துடைப்பத்தை யார் எடுப்பார்கள்?

மேஸ்திரி வெள்ளைப் பூசணிக்காயின் தலையில் கற்பூரத்தை ஏற்றி இயந்திரத்தைச் சுற்றி வந்தார். பின்பக்கம் திரும்பும்போது எரிகிற கற்பூரத் துண்டு ஒன்று வழுக்கிக் கீழே விழுந்தது. பஞ்சில் விழுந்த நெருப்பு என்று சும்மாவா சொல்கிறார்கள். ஒரு கணம் ஒன்றுமே தெரியவில்லை. அடுத்த கணம் இயந்திரத்தின் முதுகில் மஞ்சளாக ஏறிவிட்டது.

முதலில் பார்த்தவர் கிருபாசங்கர்தான். “ஏனுங்...” என்று வாய் தானாகத் தொடங்கியது. பூசாரி அடித்த மணிச் சத்தத்தில் அது அவர் காதிலேயே விழவில்லை. எதிரே புதுப் பாவாடை கட்டிய குழந்தைகள் பொரி உருண்டையோடு நின்றிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் புவனா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று மிஸ்பா சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது.

“போ!”

தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரல் அது. பல வருஷமாக நெஞ்சுக்குள் படுத்துக் கிடந்தது, எழுந்து வந்துவிட்டது. பூசாரியின் கையில் மணி நின்றுபோனது.

“தீ! வெளிய போ! வெசயாப் போ! புவனா, போ!”

புவனா கண்ணைத் திறந்தாள். அவரை ஒரு முறை பார்த்தாள். இரண்டு குழந்தைகளை இடுப்புக்கு ஒன்றாக அள்ளிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். அவள் பின்னால் கூட்டம் ஓடியது. வாசலில் போய்த் தேங்கி நின்றது. என்ன என்று பார்த்தால், செருப்பு. பூஜைக்காகக் கழற்றிப் போட்ட செருப்புக் குவியலில், தீ முதுகுக்குப் பின்னால் இருக்க, ஆளாளுக்குத் தங்கள் ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“செருப்ப உடு! போ!”

தேய்ந்த முழங்காலோடேயே அந்தக் குவியலை எட்டி உதைத்து ஒதுக்கினார். “நீங்க போங்க” என்று யாருக்கோ வழிவிட்டு நின்ற ஒரு பெரியவரைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார். கூட்டம் வழிந்து வெளியேறியது. திரும்பிப் பார்த்தார். உள்ளே ஒரே ஓர் ஆள் மிச்சம்.

பத்மாவதி அம்மாள் சாமி படத்துக்கு முன்னால் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். எழுபது வயது. அந்த இயந்திரத்தை வாங்கி வந்து நிறுத்தியவர் அவருடைய கணவர். அவர் போன பிறகு ஒரு வருஷம்கூட இந்தப் பூஜை பாதியில் நின்றதில்லை.

“நீ அவங்கள வெளிய தாட்டி உடு கிருபா” என்றார் அம்மாள், திரும்பாமலே. “பாதியில நிறுத்தக் கூடாது. சாமிக்குக் காட்டிட்டு நான் வாரேன்.”

புகை கூரையைத் தொட்டுக் கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. கிருபாசங்கரின் கை பழக்கத்தில் நெஞ்சுக்குப் போனது. அம்மா, கொஞ்சம் வாங்கம்மா என்று கெஞ்ச ஒரு கணம் இருந்தது. கெஞ்சியிருந்தால் அம்மாள் அங்கேயே நின்றிருப்பார். அது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். கையை நெஞ்சிலிருந்து எடுத்து, தட்டைப் பிடுங்கி மணல் வாளியில் கவிழ்த்தார்.

“போ! வெளிய போ!”

பத்மாவதி அம்மாள் திரும்பிப் பார்த்தார். அவரை அந்த வார்த்தையால் பேசியவர் அந்த மில்லில் அதுவரை யாரும் இல்லை. வெறுங்காலோடு நடந்து வெளியேறினார்.

அதற்குப் பிறகு எல்லாம் பாடத்தில் உள்ளபடிதான். மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டுச் சிலிண்டரைத் தூக்கினார். இரண்டு ஃபிட்டர்கள் கைகொடுத்தார்கள். தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது பாதி அடங்கியிருந்தது. இயந்திரம் ஒன்று கருகியது, கூரைத் தகடு சில நெளிந்தன. மனிதர் ஒருவர் மேலும் ஒரு கொப்புளம்கூட இல்லை. சைக்கிள் ஷெட்டில் கூட்டி நிறுத்தித் தலை எண்ணினார். போனை உள்ளே வைத்துவிட்டேன், பை உள்ளே இருக்கிறது என்று நான்கைந்து பேர் வந்து கெஞ்சினார்கள். வாசலை மறித்து நின்றாரே தவிர வாயைத் திறக்கவில்லை. தீயணைப்பு அதிகாரி தலையசைத்த பிறகுதான் விலகி வழிவிட்டார்.

பத்மாவதி அம்மாள் அங்கே திரும்பி வரவில்லை. முன்பக்க ஆபீஸ் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். போகும்போது கிருபாசங்கரைக் கடந்துதான் போனார். பார்க்கவில்லை.

மிஸ்பாவுக்குப் போன் போட்டார். நடந்ததைச் சொல்லி, “மொதலாளியம்மாவ வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டேனுங்க” என்று அழாத குறையாக முடித்தார்.

“எல்லாரும் வெளிய வந்தாங்களா?”

“வந்தாங்க.”

“யாராச்சும் திரும்பி உள்ள போனாங்களா?”

“உடலீங்க.”

“டெஸ்டுக்கு நீங்க வந்துதாங்ணா ஆகணும், அது விதி” என்றாள் மிஸ்பா. “ஆனா நீங்க பாஸ் பண்ணுவீங்களாங்கற பயம் எனக்குப் போயிருச்சு.”

அவருக்குப் போகவில்லை. சர்டிஃபிகேட் கையில் வந்தாலும், முதலாளியை ஊர் பார்க்கப் ‘போ’ என்றவனை எந்த முதலாளி கேட்டில் உட்கார வைப்பார்? வம்சி ஒரு முறை வந்தான். “அம்மா யார்கிட்டயும் பேச மாட்டேங்கறாங்கண்ணா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். கிருபாசங்கர் நாற்காலியில் உட்காரவே இல்லை. அதைப் பார்ப்பதும் பார்வையைத் திருப்பிக்கொள்வதுமாக நின்றிருந்தார். தீ அணைந்ததில் சந்தோஷம் இருந்தது. அதற்கு மேலே இந்தத் துக்கம் ஏறி உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் கார் வந்தது. அதற்குப் பின்னால் குழந்தைகளும் பொரிப் பைகளுமாகத் தொழிலாளர்கள் நடந்து வந்தார்கள். எப்போதும்போலக் கார் கேட்டருகே நின்றது. கிருபாசங்கரின் கை நெஞ்சுக்குப் போனது, சொல் வரவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? கேட்டை மட்டும் அகலத் திறந்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கார் நகரவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணாடி இறங்கியது.

“மத்தியானம் எங்கிட்ட என்ன சொன்னே கிருபா?” என்றார் பத்மாவதி அம்மாள்.

“தப்புத்தானுங்கம்மா.”

“என்ன சொன்னேன்னு கேட்டேன்.”

“போ... போன்னு சொன்னேனுங்க.”

“போயிட்டேனில்ல?” அம்மாளின் கண் சிவந்திருந்தது. புகையோ, அழுகையோ. “எந்நாளும் முழுசாத்தான் சொல்லுவே. இன்னிக்குப் பாதியோட நிறுத்திப்போட்டே. அந்த மீதியச் சொல்லு. ஊட்டுக்குப் போகோணுமில்ல நானு.”

கிருபாசங்கர் பேச முயன்றார். மத்தியானம் அவ்வளவு பெரிதாக வந்த குரல் இப்போது ஒரு மூச்சாகத்தான் வந்தது.

“வாங்கம்மா” என்றார். “நாளைக்கு வாங்க.”

அம்மாள் தலையை அசைத்தார். கண்ணாடி ஏறியது, கார் போனது. கிருபாசங்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டைச் சாத்தப் போனார். கூட்டம் இன்னும் அங்கேயே நின்றிருந்தது. முன்னால் புவனா. வழி திறந்துதான் கிடந்தது, யாரும் நகரவில்லை. அவர்கள் எல்லோருக்கும் அன்றைக்கு அவர் பாதிதான் சொல்லியிருந்தார்.